அரை மணி பிசகும் முள், தலைகீழ் அளவுகோல், ஒவ்வாத நிலா: அந்த மணிக்கூட்டில் பழுதில்லை

நீங்கள் எழுதியதை ஒருமுறை நான் விளங்கிக்கொண்டபடி திருப்பிச் சொல்கிறேன். சுவிஸிலிருந்து வந்த பெரியப்பா தன் கையில் கட்டியிருந்த மணிக்கூட்டை உங்களுக்குத் தந்துவிட்டுப் போயிருக்கிறார். பெரிய கம்பனி செய்ததல்ல, சொந்தப் பட்டறையில் வருடத்துக்குக் கொஞ்சமே செய்யும் ஒருவருடையது. டயலில் இலக்கமே இல்லை. விளிம்பைச் சுற்றி 31 துளைகள், அவற்றில் ஒன்றில் மட்டும் செம்மஞ்சள் புள்ளி. மேலே நிலா, ஒரு பக்கத்தில் 0 முதல் 48 வரை ஓர் அரைவட்ட அளவுகோல், வழக்கமான முட்களோடு மெல்லிய இரண்டாவது மணி முள். திருகோணமலை நகரில் காட்டியபோது மூன்று பழுது சொன்னார்கள்: இரண்டாவது முள் எப்படி வைத்தாலும் சூரிச் நேரத்துக்கு அரை மணித்தியாலம் தப்புகிறது, முழுதாகச் சாவி கொடுத்தால் அளவுகோல் 48க்குப் போகாமல் 0க்குப் போகிறது, நிலா வானத்து நிலவைப்போல இல்லை. அதோடு இரவில் திகதியை மாற்றினால் உள்ளே உடையும் என்றும் பயமுறுத்தியிருக்கிறார்கள். ஆக நீங்கள் கேட்பது, இது பழுதான மணிக்கூடா, அல்லது நான் தொட்டால்தான் பழுதாகுமா என்பது.

நான் இதே ஊரில் நெடுங்காலமாக மணிக்கூடு திருத்துகிறவன். நீங்கள் சொன்ன அடையாளங்களை வைத்துப் பார்த்தால் அந்த மூன்றும் பழுதல்ல. திகதி பற்றிச் சொன்ன பயம் மட்டும் உண்மை, அதையும் அவர்கள் பாதிதான் சொல்லியிருக்கிறார்கள். உங்கள் மணிக்கூட்டைக் கையில் எடுத்துப் பார்க்காமலே உறுதியாகச் சொல்லக்கூடியவை எவை, அதைச் செய்தவரின் கைநூலைப் பார்த்தே சொல்லவேண்டியவை எவை என்று பிரித்தே எழுதுகிறேன்.

இப்படித் தனியாகச் செய்கிறவர்களுக்கென்று 1985இல் ஸ்வென்ட் ஆண்டர்சன், வின்சென்ட் கலப்ரேசே என்ற இருவர் ஒரு சங்கமே தொடங்கினார்கள். இவர்களுடைய மணிக்கூடுகளைப் பார்த்து நம் ஊர்க் கடைகள் தடுமாறுவது இயல்பு. நாங்கள் பழகியதெல்லாம் மூன்று மணி இடத்தில் சின்னச் சன்னல், அதில் திகதி இலக்கம் என்ற ஒரே அமைப்பு. தனியாகச் செய்கிறவருக்கு அந்தக் கட்டாயம் இல்லை. துளையும் புள்ளியுமாகத் திகதி காட்டும் முறைக்குப் பெயர்பெற்றவர் லுட்விக் எக்ஸ்லின். சுவிஸின் லா ஷோ-டி-ஃபோன் நகரில் உள்ள மணிக்கூட்டு அருங்காட்சியகத்துக்கு இயக்குநராக இருந்தவர். இலக்கத்தை எடுத்துவிட்டால் அதை ஏந்தும் உறுப்புகளும் குறையும் என்பது அவருடைய வழி. ஆண்ட்ரியாஸ் ஸ்ட்ரேலர் என்பவர் மோசர் நிறுவனத்துக்காக வடிவமைத்த நிரந்தர நாட்காட்டி மணிக்கூட்டை, அதாவது எல்லா மாத நீளத்தையும் தானே அறிந்து திகதி மாற்றுவதை, பார்த்தால் இன்னும் வியப்பாக இருக்கும். அதில் மாதத்துக்குத் தனி டயல் கிடையாது. நடுவில் ஒரு குட்டி முள், அது 1 மணி இடத்தைக் காட்டினால் ஜனவரி, 12ஐக் காட்டினால் டிசம்பர். மணிக்கு ஏற்கனவே போட்டிருக்கும் பன்னிரண்டு கோடுகளே மாதத்துக்கும் போதும் என்று கண்டுபிடிக்க ஒரு தெளிவு வேண்டும். அந்தத் தெளிவில் எனக்குப் பெரிய மதிப்பு உண்டு.

உங்கள் 31 துளைகளில் எது ஒன்றாம் திகதி என்பது மட்டும் செய்தவரைப் பொறுத்தது. மேலே நடுவில் தொடங்குகிறவர்களும் உண்டு, வேறு இடத்தில் தொடங்குகிறவர்களும் உண்டு. ஊகிக்காமல் பெரியப்பாவுக்கு ஒரு அழைப்பு எடுத்துக் கேளுங்கள். அப்படியே பெட்டிக்குள் இருந்த கைநூலைப் பக்கம் பக்கமாகப் படம் எடுத்து அனுப்பச் சொல்லுங்கள். அந்தத் தாள்கள் பின்னால் பெரிதும் உதவும்.

சரி, முதலாவது 'பழுது', அந்த அரைவட்டம். அது ஸ்பிரிங்கில் உள்ள சக்தியைக் காட்டுவது. பெரும்பாலான கை மணிக்கூடுகளில் இன்னும் எத்தனை மணித்தியாலம் ஓடும் என்று காட்டும். சாவி கொடுத்தால் 48, ஓட ஓட 0. ஆனால் பழைய கப்பல் குரோனோமீட்டர்களில், அதாவது கடலில் பிசகாமல் நேரம் காட்டச் செய்த கடிகாரங்களில், கணக்கு மறுபக்கம். கடைசியாகச் சாவி கொடுத்து எத்தனை மணித்தியாலம் ஆயிற்று என்பதையே அவை காட்டும். 1957 வரை பிரித்தானியக் கடற்படை தளம் வைத்திருந்த துறைமுக ஊர் நம்முடையது. அந்தக் காலக் கப்பல்களில் பெட்டிக்குள் வைத்துப் பாதுகாத்த குரோனோமீட்டர்களில் சிறிய டயலில் 0 முதல் 56 வரை போட்டிருக்கும். தினமும் ஒரே நேரத்தில் சாவி கொடுக்கவேண்டும், முள் 24ஐத் தாண்டி நின்றால் பொறுப்பானவர் மறந்துவிட்டார் என்று தெரியும். அந்த மரபை விரும்பித் தங்கள் மணிக்கூட்டில் வைப்பவர்கள் இருக்கிறார்கள். பிரான்சுவா-போல் ஜூர்ன் என்ற மணிக்கூட்டு வல்லுநரின் 'குரோனோமெத்ர் சூவரேன்' இதற்குத் தெரிந்த உதாரணம்.

உங்களுடையது அந்த வகையா என்று ஒரு நிமிடத்தில் பார்க்கலாம். மணிக்கூடு ஓடிக்கொண்டிருக்கும்போது, விலாவில் இருக்கும் திருகு குமிழை வெளியே இழுக்காமல் பத்துச் சுற்றுச் சாவி கொடுங்கள். முள் 0 பக்கம் நகர்ந்தால் அது கப்பல் கணக்கு. தினமும் காலையில் ஒரு நேரத்தில் சாவி கொடுத்தால் அது 24க்கு அப்பால் போகவே போகாது. உள்ளே இதற்கு இருப்பது வித்தியாசம் பார்க்கும் ஒரு பல்சக்கரக் கூட்டம். சாவி கொடுக்கும் பக்கத்திலிருந்து ஓர் அசைவு, ஸ்பிரிங் அவிழும் பக்கத்திலிருந்து இன்னோர் அசைவு, இரண்டுக்கும் உள்ள வித்தியாசத்தையே முள் காட்டுகிறது. எந்தப் பக்கம் காட்டவேண்டும் என்பது செய்தவரின் விருப்பம். கையால் சாவி கொடுக்கும் வகையென்றால் குமிழ் இறுகியதும் நிறுத்திவிடுங்கள்.

இரண்டாவது, அரை மணித்தியாலம். இதில் மணிக்கூடு சரி, நம் நாட்டு நேரம்தான் அப்படி. இலங்கை கிரீன்விச்சுக்கு ஐந்தரை மணித்தியாலம் முன்னால். சூரிச் குளிர்காலத்தில் ஒன்று, கோடையில் இரண்டு. ஆகவே நமக்கும் அவர்களுக்கும் குளிர்காலத்தில் நாலரை, கோடையில் மூன்றரை. இரண்டாவது மணி முள் வைத்த மணிக்கூடுகள் பெரும்பாலும் முழு மணித்தியாலமாகவே துள்ளும், நிமிட முள் இரு ஊருக்கும் பொது. முழு மணித்தியால வித்தியாசம் உள்ள நாடுகளுக்காக யோசித்துச் செய்தது. இங்கே காலை 10.30 என்றால் குளிர்காலத்தில் அங்கே சரியாக 6. ஆனால் நிமிட முள் முப்பதில் நிற்கும்போது துள்ளும் முள் இரண்டு கோடுகளுக்கு நடுவிலேதான் நிற்கமுடியும். ஐந்தரையைக் காட்டும், அல்லது ஆறரையைக் காட்டும். ஆறைக் காட்டவே முடியாது.

1996 மே மாதம் அரசாங்கம் நேரத்தை ஒரு மணித்தியாலம் முன்னே தள்ளி, அதே வருடம் அக்டோபரில் அரை மணித்தியாலம் திரும்ப எடுத்தது நினைவிருக்கும். அதன்பிறகு 2006 ஏப்ரல் வரை நாம் கிரீன்விச்சுக்குச் சரியாக ஆறு மணித்தியாலம் முன்னால் இருந்தோம். புலிகளின் கட்டுப்பாட்டில் இருந்த வன்னியில் பழைய நேரமே ஓடியதால் 'பழைய நேரமா, புதிய நேரமா' என்று கேட்டே எதையும் தீர்மானித்த காலம் அது. அந்த வருடங்களில் உங்கள் மணிக்கூடு இங்கே இருந்திருந்தால் அதன் இரண்டாவது முள் பிசகாமல் காட்டியிருக்கும்.

இப்போது செய்யக்கூடியது இது. குமிழை இரண்டாவது முள்ளுக்கான நிலைக்கு இழுத்து அந்த முள்ளை மெதுவாக நகர்த்துங்கள். விரலுக்குத் தட்டித் தட்டித் துள்ளுவது தெரிந்தால், உண்மை நேரத்துக்கு அரை மணித்தியாலம் பிந்தி நிற்கும்படி வைத்துவிட்டு, பார்க்கும்போதெல்லாம் அரை மணித்தியாலம் கூட்டிக்கொள்ளுங்கள். தட்டாமல் வழுவழுவென்று நகர்ந்தால் உங்களுக்கு அதிர்ஷ்டம். நம் நேரம் 10.30ஆக இருக்கும்போது அதைச் சரியாக 6 கோட்டில் நிறுத்திவிடலாம். பிறகு சூரிச்சின் மணியை அந்த முள்ளிலும், நிமிடத்தை நிமிட முள்ளின் வால் காட்டும் பக்கத்திலும் வாசிக்கலாம். முப்பது நிமிட வித்தியாசம் என்றால் டயலில் நேர் எதிர்ப்பக்கம், அதனால் வால் எப்போதும் சரியாகவே காட்டும். மார்ச் கடைசி ஞாயிறும் அக்டோபர் கடைசி ஞாயிறும் அங்கே நேரம் மாறும்போது ஒரு மணித்தியாலம் நகர்த்த வேண்டும். ஜூர்னின் 'ரெசொனான்ஸ்' மணிக்கூட்டில் தனித்தனியாகத் திருப்பி வைக்கக்கூடிய இரண்டு டயல்கள் இருப்பதால், அரை மணி நாட்டுக்காரருக்கு அதைப்போல வசதி வேறில்லை. விலையைப் பற்றி இங்கே பேசவேண்டாம்.

மூன்றாவது நிலா. இதில் இரண்டு விஷயம் கலந்திருக்கிறது. நிலா எத்தனை நாள் வயது என்பது ஒன்று, எந்தக் கோணத்தில் கிடக்கிறது என்பது இன்னொன்று. டயலுக்கு அடியில் சுற்றும் வட்டில் இரண்டு நிலா வரைந்திருக்கும். வழக்கமான அமைப்பில் அந்த வட்டுக்கு 59 பல், நாளுக்கு ஒரு பல். ஆக ஒரு நிலா மாதம் 29 நாளும் 12 மணித்தியாலமும். உண்மையில் அதற்கு மேல் ஏறத்தாழ 44 நிமிடம் உண்டு. அந்த 44 நிமிடம் மாதாமாதம் சேர்ந்து சுமார் இரண்டு வருடம் ஏழு மாதத்தில் ஒரு நாள் பிசகாகும். 135 பல் வைத்த அமைப்பில் ஒரு நாள் பிசகுவதற்கு 122 வருடம் போகும். எக்ஸ்லினின் நிலா அமைப்பில் மூவாயிரத்து நானூறு வருடத்துக்கு மேல். உங்களுடையதில் எத்தனை பல் என்று வெளியிலிருந்து சொல்லமுடியாது. எதுவாக இருந்தாலும் மணிக்கூடு சில நாள் நின்று கிடந்தால் நிலாவும் அங்கேயே நின்றுவிடும், திரும்ப வைக்கத்தான் வேண்டும்.

வைப்பதற்கு நம் நாட்டைப்போல வசதியான நாடு வேறு இருக்காது. மாதாமாதம் பூரணைக்குப் போயா விடுமுறை, சுவர்க் கலண்டரில் வட்டமாகப் போட்டிருக்கும். முதலில் நிலாவை முழுவட்டமாக நடுவுக்குக் கொண்டுவாருங்கள். பிறகு கடந்த போயாவிலிருந்து இன்றைக்கு எத்தனை நாள் என்று எண்ணி அத்தனை தட்டு நகர்த்துங்கள். போயா விடுமுறை உண்மையான பூரணைக்கு ஒரு நாள் முன்னாலும் விழலாம், ஆனால் அந்த ஒரு நாள் வித்தியாசம் டயலில் கண்ணுக்குப் பிடிபடாது. மனம் கேட்காவிட்டால் பஞ்சாங்கத்தில் பூரணை முடியும் நேரத்தைப் பாருங்கள். இதற்குத் திருக்கணிதத்தையே எடுங்கள். வாக்கிய பஞ்சாங்கத்தின் திதி நேரம் சில மணித்தியாலம் விலகலாம். விரதத்துக்கு உங்கள் வீட்டு வழக்கம் எதுவோ அது, மணிக்கூட்டுக்கு வானத்தில் உள்ள நிலா.

கோணத்துக்கு மருந்து கிடையாது, விளங்கிக்கொள்வது ஒன்றே வழி. டயலில் வளர்பிறை வலது பக்கம் ஒளியோடு நிமிர்ந்து நிற்கும். ஐரோப்பாவில் பார்க்கும் நிலா ஏறக்குறைய அப்படித்தான். திருகோணமலை வட அகலக்கோடு எட்டரை பாகை அளவில், பூமத்திய ரேகைக்குக் கிட்ட இருக்கிறது. இங்கே சூரியனும் சந்திரனும் அடிவானத்தை நோக்கி ஏறத்தாழச் செங்குத்தாக இறங்குவதால், மாலையில் மேற்கே தெரியும் இளம்பிறையின் ஒளிப்பக்கம் கீழே இருக்கும், முனைகள் இரண்டும் மேலே. தோணி மாதிரிக் கிடக்கும் அந்தப் பிறையை டயலில் தேடினால் கிடைக்காது. அதனால் டயல் நிலாவில் ஒளி எவ்வளவு, வளர்கிறதா தேய்கிறதா என்பதை மட்டும் வாசியுங்கள்.

இனி உண்மையாகக் கவனிக்கவேண்டிய இடம், திகதி. உள்ளே நடப்பதைச் சொன்னால் பயம் தானாகத் தெளியும். மணி முள்ளின் சக்கரம் 12 மணித்தியாலத்தில் ஒரு சுற்று. அதிலிருந்து பாதி வேகத்தில் ஓடும் இன்னொரு சக்கரம் 24 மணித்தியாலத்தில் ஒரு சுற்று. அதில் ஒரு சின்ன விரல். நள்ளிரவை நெருங்கும்போது அந்த விரல் 31 பல் உள்ள திகதிச் சக்கரத்தின் ஒரு பல்லுக்குள் நுழைந்து, தள்ளி, பிறகு வெளியே வரும். பல மணிக்கூடுகளில் இரவு 9 மணிபோல நுழைந்து அதிகாலை 3 மணிபோல வெளியேறும், சிலவற்றில் இன்னும் நீளும். விரல் உள்ளே இருக்கும் நேரத்தில் நீங்கள் குமிழால் அதே சக்கரத்தை வேறு வழியாகத் தள்ளினால், வளைவதோ முறிவதோ அந்த விரல் அல்லது பல்.

உங்களுக்குச் சொல்லாமல் விட்டது இதுதான்: இரவு என்பது வானத்தின் இரவல்ல, மணிக்கூட்டுக்குள் இருக்கும் இரவு. நின்றுபோன மணிக்கூட்டின் முட்கள் 10 மணியைக் காட்டினால் அது காலை 10ஆகவும் இருக்கலாம், இரவு 10ஆகவும் இருக்கலாம். பட்டப்பகலில் திகதியை மாற்றினேன், பிறகும் உடைந்துவிட்டது என்று என்னிடம் கொண்டுவருகிறவர்கள் எல்லாரிடமும் நடந்தது இதுவே. ஆகவே திகதியைத் தொடமுன் மணிக்கூட்டுக்கு உள்ளே எந்தப் பொழுது என்று கண்டுபிடிக்கவேண்டும். முதலில் கொஞ்சம் சாவி கொடுங்கள். குமிழைக் கடைசி நிலைக்கு இழுத்து முட்களை முன்பக்கமாக மட்டும் சுற்றுங்கள். புள்ளி அடுத்த துளைக்கு மாறும் இடம் நள்ளிரவு. நிறுத்தாமல் இன்னும் சுற்றி முட்களை 6.30க்குக் கொண்டுவாருங்கள். அது மணிக்கூட்டின் காலை, விரல் வெளியே வந்துவிட்டிருக்கும். இப்போது குமிழை நடு நிலைக்குத் தள்ளி, புள்ளியை நேற்றைய திகதிக்கு நகர்த்துங்கள். பிறகு மறுபடி கடைசி நிலைக்கு இழுத்து, முட்களை முன்னே சுற்றி, புள்ளி இன்றைய திகதிக்குத் தாண்டுவதைப் பார்த்துவிட்டு, இப்போதைய நேரத்துக்கு வாருங்கள். பிற்பகல் என்றால் 12ஐ இன்னொரு தடவை தாண்டவேண்டும். நேரம் வைக்கும்போது நாலைந்து நிமிடம் குறைவாக நிறுத்தி, அங்கிருந்து மெல்ல முன்னே கொண்டுவந்து முடித்தால் பற்களுக்கிடையே உள்ள தளர்வு முள்ளை ஏமாற்றாது.

நிலாவையும் அதே காலை 6.30 நிலையில் வையுங்கள். நிலாவுக்குக் குமிழில் இடமில்லாமல் மணிக்கூட்டின் விலாவில் சிறு குழிப் பொத்தான் இருந்தால், குண்டூசியாலோ பேனா முனையாலோ குத்தவேண்டாம். கூராக்கிய மரக்குச்சி போதும்.

முன்னும் பின்னும் திருப்பக்கூடியவாறு செய்த நாட்காட்டிகளும் உண்டு. 1996இல் யூலிஸ் நார்டன் நிறுவனம் வெளியிட்ட, எக்ஸ்லின் வடிவமைத்த நிரந்தர நாட்காட்டி குமிழாலேயே இரு பக்கமும் திருப்பக்கூடியது. மேலே சொன்ன மோசரும் அப்படி. 2015இல் ஸ்டீபன் மெக்டொனெல் எம்பி அண்ட் எஃப் நிறுவனத்துக்குச் செய்ததில், ஆபத்தான நேரத்தில் பொத்தானை அமுக்கினாலும் அது உள்ளே தொடர்பில்லாமல் விலகிக்கொள்ளும். ஒரு மணிக்கூட்டு வல்லுநரின் கெட்டித்தனத்தை நான் டயலில் அளப்பதில்லை, வாங்கியவரால் உடைக்கமுடியாதபடி செய்திருக்கிறாரா என்று பார்த்தே அளக்கிறேன். உங்களுடையது அந்த வகையாக இருக்கலாம். கைநூலில் எழுத்தில் பார்க்கும்வரை இல்லை என்றே நினைத்து நடங்கள். துளை 31 இருப்பதால் மட்டும் அது மாத நீளம் அறிந்தது என்று அர்த்தமில்லை. சாதாரணத் திகதி என்றால் 31 இல்லாத மாதங்களுக்குப் பின், அதாவது மார்ச், மே, ஜூலை, அக்டோபர், டிசம்பர் முதல் நாளில், நீங்கள் தள்ளிவிட வேண்டும். பெப்ரவரியைத் தவிர மற்ற மாதங்களின் நீளம் அறிந்த வருட நாட்காட்டி என்றால் மார்ச் 1ஆம் திகதி மட்டும். வரும் ஏப்ரல் 30 முடிந்து மே பிறக்கும்போது புள்ளி எங்கே போகிறது என்று பாருங்கள், சாதாரணத் திகதியா இல்லையா என்று அதுவே சொல்லிவிடும்.

இன்னொன்று, நீங்கள் உப்புவெளிப் பக்கம் என்று எழுதியிருந்தீர்கள். இந்த ஊரில் மணிக்கூடுகளைக் கொல்வது திகதியை விட உப்புத்தான். வியர்வையும் கடற்காற்றும் குமிழின் கழுத்தில் வெள்ளையாகப் படியும். அப்படியே இழுத்தால் அந்தத் துகள் றப்பர் வளையத்தை அறுத்துக்கொண்டு உள்ளே போகும். இழுக்கமுன் லேசாக நனைத்த மெல்லிய துணியால் குமிழைச் சுற்றித் துடைத்து, காயவிட்டு, வீட்டுக்குள் இருந்து செய்யுங்கள். கடற்கரையில் குமிழை இழுக்கவே வேண்டாம். பின்மூடியில் 30 மீற்றர் என்று போட்டிருந்தால் கை கழுவும்போது தெறிக்கும் தண்ணீரைத் தாங்கும், கடலில் இறங்க அது காணாது.

பின்மூடியைத் திறக்க இங்கே யாருக்கும் கொடுக்காதீர்கள், என்னையும் சேர்த்துத்தான் சொல்கிறேன். வழக்கமான சுவிஸ், ஜப்பான் இயந்திரங்களுக்குக் கொழும்பில் உறுப்பு எடுக்கலாம். இதற்குள் உள்ள திகதி விரலும் நிலாச் சக்கரமும் செய்தவரின் பட்டறையைத் தவிர எங்கும் கிடைக்காது. பெரியப்பாவின் பெயரில் வாங்கியதென்றால், இப்போது உங்களிடம் இருக்கிறது என்று அந்தப் பட்டறைக்கு அவரைக் கொண்டே ஒரு மின்னஞ்சல் போடச் சொல்லுங்கள். அடுத்த முறை அவர் வரும்போதோ போகும்போதோ கையோடு கொண்டுபோய்ச் சேவைக்குக் கொடுப்பது, தபாலில் அனுப்புவதை விடப் பாதுகாப்பு. கைநூல் கிடைத்ததும் குமிழின் நிலைகள் வரைந்த பக்கத்தை மட்டும் இங்கே போடுங்கள், உங்களுடையதற்கு எந்த வரிசை என்று திருத்திச் சொல்கிறேன். பின்மூடியில் பொறித்த இலக்கத்தைப் பொதுவில் போடவேண்டாம்.